வட்டப்பாறையும் இருநூறும்

திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயிலில் வட்டப்பாறை என்றொரு கல் உண்டு. வழக்கு தீராவிட்டால் அங்கே போய்ச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். தம்பி பணத்தை அமுக்கிய அண்ணன் ஒருவன் அதைத் தடிக்குள் ஒளித்துவைத்து, "கொஞ்சம் பிடிடா" என்று தம்பி கையில் கொடுத்துவிட்டு, "அவன் பணம் அவனிடம்தான் இருக்கிறது" என்று சத்தியம் செய்தானாம். சொல்லில் பிழையே இல்லை. பிறகு பாம்பு தீண்டிச் செத்தான் என்று கதையை முடிப்பார்கள்.

வெப்சைட்டில் தானாக லாகின் ஆகும் ஸ்கிரிப்ட்டை முதன்முதலில் எழுதிய அன்று எனக்கு அந்தத் தடி ஞாபகம் வந்தது. பத்து வரி பைத்தான். பெயரையும் பாஸ்வேர்டையும் போஸ்ட் செய்தேன். 200 என்று பதில் வந்தது. வேலை முடிந்ததென்று டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கைக்கு வந்திருந்தது மறுபடியும் அதே லாகின் பக்கம்! 200 பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு ஒரு பக்கத்தைக் கொடுத்தேன் என்றது, அவ்வளவுதான். உள்ளே விட்டேன் என்று அது எங்கே சொன்னது?

நல்ல ஸ்கிரிப்ட் எடுத்த எடுப்பிலேயே பாஸ்வேர்டை நீட்டாது. முதலில் சும்மா போய் லாகின் பக்கத்தைக் கேட்டு வாங்கும். பயிற்சிக்கென்றே இருக்கும் 'குவோட்ஸ் டு ஸ்க்ரேப்' தளத்தின் படிவத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியில் 'சிஎஸ்ஆர்எஃப் டோக்கன்' என்று நீளமாக எழுத்துகள் கிடக்கும். அதைப் பொறுக்கியெடுத்து, பெயர், பாஸ்வேர்டோடு சேர்த்துத் திருப்பித் தரவேண்டும். (அங்கே எந்தப் பெயரைக் கொடுத்தாலும் உள்ளே விடுவார்கள், பழகுவதற்கு நல்ல இடம்.) எச்டிடிபிக்கு ஞாபகமறதி. இப்போது வந்தவன்தான் போன நிமிடமும் வந்தான் என்பது அதற்குத் தெரியாது. அதற்காகவே 1994இல் நெட்ஸ்கேப்பின் லூ மொண்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் 'செஷன்' ஒன்றைத் திறந்துகொண்டால் போதும், குக்கியை அதுவே மடியில் முடிந்துகொண்டு நடக்கும். எனக்கு மிகப் பிடித்த வரி அது.

கேப்ட்சா, ஓடிபி வைத்திருக்கும் வாசல்களில் ஸ்கிரிப்ட்டுக்கு வேலையில்லை. தட்கல் டிக்கெட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் வேறு ஆளைப் பார்க்கலாம்.

எங்கள் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித்தருகிறது. அந்தப் புண்ணியமோ என்னவோ, இப்பக்கத்துப் பிள்ளைகள் பைத்தானுக்குக் கூச்சப்படுவதில்லை. சமீபத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் தன் ஸ்கிரிப்ட்டைக் காட்டினான். பாஸ்வேர்டு கோடில் இல்லை, என்விரான்மென்ட் வேரியபிளில் இருந்தது. அப்போதே பாதி மனம் நிறைந்துவிட்டது. கடைசியில், 200ஐ அவன் சட்டையே செய்யவில்லை. திரும்பி வந்த பக்கத்தில் 'லாக்அவுட்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடினான். உள்ளே போனவனுக்குத்தானே வெளியேறும் வழியைக் காட்டுவார்கள்! இருந்தால் 'உள்ளே வந்துட்டேன்' என்று திரையில் வரும். வேண்டுமென்றே பெயரை அழித்துவிட்டு ஓட்டச் சொன்னேன்.

'வாசல்லயே நிக்கிறேன்' என்று வந்தது.