உடற்கிளர்ச்சியும் டிக் அசைவும்: எது முன், எது பின்?

டிக் குறைபாடுள்ள குழந்தையின் மணிக்கட்டில் கருவியைக் கட்டி, இதயத் துடிப்பையும் வியர்வையையும் அளந்து, உடற்கிளர்ச்சி ஏறும் வேளையில் அமைதிப்படுத்தினால் டிக் அடங்கிவிடும் என்னும் நம்பிக்கை இன்று பரவிவருகிறது. பரிவு நரம்பு மண்டலம் உடலைச் செயலுக்கு ஆயத்தப்படுத்தும் நிலையே உடற்கிளர்ச்சி. கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டைச் செருமல் போலத் திடீரென எழுந்து மீண்டும் மீண்டும் வரும் அசைவோ ஒலியோ டிக் எனப்படும்.

இந்நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. மனநெருக்கடியில் டிக் மிகுவதாகப் பெற்றோர் பலர் கூறுகின்றனர்; பரிவு நரம்புகளின் செயலைத் தணிக்கும் குளோனிடின் மருந்து டிக்கையும் ஓரளவு குறைக்கிறது. டிக் குறைபாடுகளுள் ஒன்றான டூரெட் குறைபாடுடையோரிடம் கிளர்ச்சி தணிந்தபோது டிக்கும் குறைந்ததை நாகாயும் அவருடைய குழுவினரும் 2009-இல் பதிவுசெய்தனர்.

ஆனால் தோலின் மின்கடத்துதிறன், அதாவது வியர்வைச் சுரப்பிகளின் செயலால் மாறும் மின்னோட்ட அளவு, அச்சத்தை மட்டும் காட்டுவதன்று. ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாலே அது உயரும். கையை வெட்டி இழுக்கும் டிக்கும், மூக்கை உறிஞ்சும் டிக்கும், டிக்கை அடக்க முயலும் உழைப்பும், டிக்குக்குச் சற்றுமுன் உடலில் திரளும் உந்துதலும் அதை உயர்த்தக்கூடும் என்பதால், கருவி காட்டும் ஏற்றம் டிக்கின் காரணமா, விளைவா, அல்லது டிக்கேதானா என்று பிரித்தறிய அந்த அளவில் வழியே இல்லை. அடுப்பிலிருந்து எழும் புகையை அளந்துவிட்டு, புகைதான் தீயை மூட்டியது என்பதற்கு ஒப்பானது இது. பதற்றமும் டிக்கும் சேர்ந்திருந்த சிறுவர் சிலரிடம் கோனெலியா குழுவினர் 2014-இல் நடத்திய சிற்றாய்வில், பிறர்முன் பேசும் நெருக்கடியின்போது இதயத் துடிப்பு உயர்ந்த வேளைகளில் டிக் குறைவாகவே இருந்தது. விளையாட்டிலும் இசையிலும் ஆழ்ந்திருக்கும்போது, இதயம் விரைந்து துடிக்கையிலேயே, டிக் பலருக்கு அடங்குவதும் அறிந்ததே. இவற்றைவிட வலுவான சான்று நாகாய் குழுவினரின் 2014 ஆய்விலேயே கிடைத்தது: மின்கடத்துதிறன் அளவைக் காட்டி அதை ஆளப் பழக்கும் உண்மையான பின்னூட்டம் பெற்றவர்களுக்கும் போலிப் பின்னூட்டம் பெற்றவர்களுக்கும் டிக் குறைந்தது, இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடில்லை. தம் வியர்வையை ஆளக் கற்றதே பயன் தந்தது என்று இதன்பின் வாதிட இடமில்லை.

இக்கோட்பாடு குழந்தையிடம் “அமைதியாக இரு” என்னும் கட்டளையாகச் சென்றுசேர்கிறது. டிக் வந்தால் அமைதி காக்காத குற்றமும் குழந்தையின் மேலேயே விழுகிறது. உந்துதலை உணர்ந்து மாற்று அசைவால் எதிர்கொள்ளப் பழக்கும் நடத்தைச் சிகிச்சையோ, 126 சிறுவர்களைக் கொண்ட 2010 சோதனையில் 52.5 விழுக்காட்டினருக்குப் பயனளித்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது 18.5 விழுக்காடு. அந்தச் சிகிச்சையில் தளர்வுப் பயிற்சியும் உண்டு, எனினும் துணைப்பகுதியாகவே உண்டு. இந்த நிலையில் மணிக்கட்டுக் கருவியைச் சிகிச்சை என்று பெற்றோரிடம் பரிந்துரைப்பது தவறு.