லினக்ஸ்: சாதாரணப் பயனரின் புகார் நியாயமானதா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய பிராசஸரும் இல்லாத கணினிகள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கைவிடப்பட்டன. அவற்றை வைத்திருப்போருக்குக் கணினி தெரிந்தவர்கள் சொல்லும் யோசனை, லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்பது. போட்டுப் பார்த்துச் சலித்துப்போனவர்களை, கற்றுக்கொள்ளச் சோம்பல்படுகிறவர்கள் என்று ஒதுக்குவது லினக்ஸ் ஆர்வலர்கள் பலரின் வழக்கம். ஒதுக்குவதற்கு முன் அந்தப் புகார்களை எடைபோட வேண்டும்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடலாம். விண்டோஸ் பயன்படுத்துவோரில் பெரும்பாலானோர் அதைத் தாங்களே நிறுவியவர்கள் அல்லர். கடையில் வாங்கும்போதே அது உள்ளே இருக்கிறது. அந்த மாடலின் வன்பொருளை இயக்கும் டிரைவர்களைத் தயாரிப்பாளரே சோதித்து ஏற்றியிருக்கிறார். லினக்ஸையோ பயனர் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்காகச் செய்யப்பட்ட கணினியில் தாமே நிறுவுகிறார். வெறும் கணினியில் விண்டோஸை நிறுவினாலும் வைஃபை டிரைவரைத் தேடி அலைய நேரிடலாம். ஆகவே நிறுவும் நாளில் படும் பாட்டை லினக்ஸின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமல்ல. மெனு வேறு இடத்தில் இருக்கிறது என்பது போன்ற குறைகளும் கை பழகினால் தீர்ந்துவிடும்.

கழித்த பிறகும் மிஞ்சுகிற குறைகள் கனமானவை. என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள மடிக்கணினியில் செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு இயங்கும் நிலையில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவுகிறவரை எடுத்துக்கொள்வோம். டிரைவரைச் சேர்க்கும்போது ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்கிறது. மறுமுறை கணினி தொடங்கும்போது நீலத்திரை ஒன்று தோன்றி, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிச் சில நொடிகளே காத்திருக்கிறது. அது என்னவென்று புரியாமல் விட்டுவிட்டால் கணினி வழக்கம்போலத் திறக்கும். டிரைவர் மட்டும் இயங்காது. ஏன் இயங்கவில்லை என்று திரையில் எந்த விளக்கமும் வராது.

இதற்குப் பின்னால் இரண்டு கொள்கைகளின் மோதல் இருக்கிறது. டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே, எல்லோரும் படிக்கக்கூடிய நிரலாக இருக்க வேண்டும் என்பது கர்னல் உருவாக்குநர்களின் நிலை. அதனால் வெளியிலிருந்து வரும் டிரைவர்களுக்கென்று மாறாத இடைமுகத்தை அவர்கள் தருவதில்லை; கர்னல் மாறும்போது அந்த டிரைவரையும் மீண்டும் தொகுக்க வேண்டியிருக்கிறது. என்விடியாவோ தன் நிரலை நெடுங்காலம் மூடியே வைத்திருந்தது. கர்னல் பகுதியை 2022இல்தான் திறந்தது. இரு தரப்புக்கும் தத்தம் நியாயம் உண்டு. ஆனால் அப்டேட் செய்த மறுநாள் இருண்ட திரையின் முன் உட்கார்ந்திருப்பவர் பயனர்தான்.

அடுத்தது, உதவி கிடைக்கும் விதம். எந்தச் சிக்கலுக்கும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திற, இந்த வரியை ஒட்டு என்பதே பதிலாக வருகிறது. இதை வெறும் மேட்டிமை என்று சொல்ல முடியாது. கினோம், கேடிஈ, சின்னமன் என்று திரைச்சூழலுக்குத் திரைச்சூழல் அமைப்பு வேறுபடுவதால், எல்லோருக்கும் ஓரளவு பொதுவாக இருப்பது டெர்மினல்தான். ஆனால் எழுதப்பட்டு ஐந்தாண்டு ஆன ஒரு வரியை, அது என்ன செய்யும் என்று தெரியாமல், கணினியின் முழு அதிகாரத்தோடு இயக்கச் சொல்வது ஆபத்தான பழக்கம். அதனால் வேறேதாவது கெட்டால், சரிசெய்ய அந்தப் பயனருக்கு வழி தெரியாது.

மூன்றாவது, தொழில். டேலி மென்பொருளில் கணக்கு எழுதுபவருக்கு லினக்ஸுக்கான பதிப்பு கிடையாது. பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருக்களைக் கொண்டு பக்கம் அமைத்த அச்சகங்களின் கோப்புகளும் விண்டோஸையே நம்பியிருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் நன்றாகவே இயங்குகிறது. ஆனால் லதா, நிர்மலா எழுத்துருக்களில் அமைத்த வேர்டு கோப்பை லிப்ரே ஆபிஸில் திறந்தால், அந்த எழுத்துருக்கள் இல்லாததால் வரிகள் இடம்மாறிப் பக்க எண்ணிக்கையே மாறக்கூடும். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் முடிவெடுத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதில் அரசியலின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, வெளியிலிருந்து வரும் ஆவணங்களும் விண்டோஸில் மட்டும் ஓடும் துறைசார் மென்பொருள்களும் அங்கே தொல்லை கொடுத்தது உண்மை. தொழில்நுட்பப் பணியாளர்களைக் கொண்ட ஒரு மாநகராட்சியே திணறியதை, தனி மனிதர் ஒருவர் வீட்டில் எளிதாகச் சமாளிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் லினக்ஸ் சாதாரணருக்கு எட்டாததா? இல்லை என்பதற்கு ஆண்ட்ராய்டு சாட்சி. லினக்ஸ் கர்னலின் மேல் நிற்கும் அதை, கணினியே தொடாதவர்களும் கையாளுகிறார்கள். 2011இல் வந்த குரோம்புக்கும் 2022இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியும் அப்படியே. இவை மூன்றிலும் சாதனத்தையும் மென்பொருளையும் பொருத்திச் சோதித்து, பழுதானால் பதில் சொல்ல விற்றவர் ஒருவர் இருக்கிறார். மேசைக் கணினி லினக்ஸில் பெரும்பாலும் இல்லாதது இந்தப் பொறுப்பாளர்தான். கர்னலை ஒரு குழுவும், திரையை இன்னொரு குழுவும், இரண்டையும் சேர்த்துத் தருவதை வேறொரு குழுவும் செய்கின்றன. ஒவ்வொரு குழுவின் வேலையும் செம்மையாக இருக்கலாம். அவை சந்திக்கும் இடத்தில் வரும் பழுதுக்கு உரியவர் இல்லை.

விண்டோஸிலும் குறைகள் உண்டு. மைக்ரோசாப்ட் கணக்குக்கான வற்புறுத்தல், திரையில் விளம்பரங்கள், நல்ல கணினியைக் காலாவதியாக்கும் நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்து பயனரின் உரிமையைக் குறைக்கின்றன. அந்த உரிமையைத் திருப்பித் தருவது லினக்ஸின் உண்மையான பெருமை. அந்தப் பெருமைக்காக ஒருவர் தம் பிழைப்பைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இது. உலாவி, மின்னஞ்சல், எழுத்து, காணொளி ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும் என்றால், லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் இயங்குவதைப் பார்த்துவிட்டு மாறலாம். பழைய கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். வருமானம் ஒரு விண்டோஸ் மென்பொருளை நம்பியிருந்தால் மாற வேண்டாம். சாதாரணப் பயனரின் புகார் பெரும்பகுதி நியாயமானது. அவரைக் கற்கச் சொல்வதற்கு முன், லினக்ஸை முன்கூட்டியே நிறுவி, சோதித்து, பொறுப்பேற்று விற்கும் கணினிகளைப் பெருக்குவதில்தான் ஆர்வலர்கள் தங்கள் உழைப்பைச் செலுத்த வேண்டும்.