மூங்கிலில் ஏழசைப் பாட்டு

பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவில், ஹனுனுவோ மங்யான் மக்களின் வெற்றிலைச் சுண்ணாம்புக் குப்பியைப் பாருங்கள். மூங்கில்தான், அதன் மேலே கவிதை! அம்பாஹான் எனும் பாட்டு. அடிக்கு ஏழு அசை, கடைசியில் இயைபு. (நம் நேரசை, நிரையசைக் கணக்கு அல்ல, காதில் விழும் கணக்கு.) காதல், விருந்தோம்பல், பிள்ளைக்குப் புத்திமதி எல்லாம் அதில் அடக்கம்.

கத்தி முனையை உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிக் கீறுவதால் எழுத்து கீழிருந்து மேலே ஏறுகிறது. பிராமி வழிவந்த எழுத்து. தமிழெழுத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் பழைய முறையில் புள்ளியே கிடையாது. அசையின் இறுதி மெய்யை எழுதாமல் விட்டுவிடுவார்கள், வாசிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். டச்சுப் பாதிரியார் அந்தோன் போஸ்த்மா பின்னாளில் அதற்கொரு குறி சேர்த்தார். வசதிதான், எனக்கென்னவோ அந்த ஊகிக்கும் சுகமே பிடித்திருக்கிறது.