நெய்வேலி வானமும் கேமரா இணைப்பானும்: ஒரு திறனாய்வு

தொலைநோக்கி வழியே தெரியும் நிலவையோ வியாழனையோ படமெடுக்க விரும்புவோர், கேமராவின் பெயரைக் கடையில் சொல்லி, அதற்குப் பொருந்தும் அடாப்டர், அதாவது இணைப்பான், ஒன்றை வாங்கிவருவதே இன்று பரவலான வழக்கமாக உள்ளது. இவ்வழக்கம் வாங்குபவரின் வேலையை எளிதாக்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கேமராவின் வாய்க்குப் பொருந்திய வளையம் தொலைநோக்கியின் குவியத்துக்கும் பொருந்திவிடும் என்ற பிழையான நம்பிக்கையையும் அது வளர்த்துவிடுகிறது. எப்பொருளைப் படமெடுப்பது, அதன் பிம்பம் குழாய்க்கு வெளியே எவ்வளவு தொலைவில் விழுகிறது என்னும் இரு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே இணைப்பானைத் தேர்வது முறை. இரவு பகலாக இயங்கும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் அருகில் கொண்ட நெய்வேலி நகரியத்தில் இம்முறையைத் தவிர்க்க இயலாது.

கேமரா நிற்கும் இடமே பிம்பத்தின் அளவை முடிவு செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரியதொரு சான்று உண்டு. நெய்வேலிக்கு வடமேற்கே, சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அவ்வாடி ஒளியை நேரடியாகக் குவிக்கும் முதன்மைக் குவியத்தில் கருவியைப் பொருத்தினால் குவியத் தூரம் ஏறத்தாழ 7.6 மீட்டராகவும், இரண்டாம் ஆடியில் பட்டுத் திரும்பிய ஒளி முதன்மை ஆடியின் பின்புறம் சேரும் காசிகிரேன் குவியத்தில் பொருத்தினால் ஏறத்தாழ 30 மீட்டராகவும் அமைவதால், ஒரே தொலைநோக்கி நான்கு மடங்கு வேறுபட்ட பிம்பங்களைத் தருகிறது. வீட்டு மொட்டை மாடியில் நிற்கும் சிறு தொலைநோக்கிக்கும் இதே விதிதான்: அங்கே கேமரா நிற்கும் இடத்தை மாற்றித் தருவது இணைப்பான்.

கைப்பேசியைக் கண்ணருகு வில்லைக்கு நேரே பிடித்து நிறுத்தும் இணைப்பான் எல்லோர் கைக்கும் எட்டுவது. சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் இது, பிம்பம் எங்கே விழுகிறது என்ற கவலையையே நீக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது கைப்பேசிக்கும் தெளிவாகத் தெரியும். கேமராவின் உட்புறம் திறந்த வெளியில் வெளிப்படாததால், தூசி மிகுந்த ஊரில் இது கூடுதல் நன்மையாகும். எனினும் இதன் குறைகள் சிறியன அல்ல. 130 மில்லிமீட்டர் விட்டமும் 650 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட தொலைநோக்கியில் 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையை இட்டால், அதிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5 மில்லிமீட்டர் மட்டுமே. கைப்பேசியின் எடையால் பிடிப்பு சற்றே சரிந்தாலும் கற்றை லென்ஸை விட்டு விலகி, நிலவின் ஒரு பக்கம் இருண்டுவிடும். 2019 டிசம்பர் 26இல் திண்டுக்கல், புதுக்கோட்டை வழியே வளையக் கிரகணமாகச் சென்ற சூரிய கிரகணம் நெய்வேலியில் பகுதிக் கிரகணமாகத் தெரிந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீளும் அத்தகைய நிகழ்வைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்ய, அடிக்கடி நேர்செய்ய வேண்டிய பிடிப்பு உகந்ததாகாது. எந்த இணைப்பானாக இருந்தாலும் சூரியனை நோக்கும்போது தொலைநோக்கியின் முகப்பில் தகுந்த சூரிய வடிகட்டி இருந்தே ஆக வேண்டும் என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

லென்ஸ் கழற்றக்கூடிய கேமராவுக்கு உரியது டி-ரிங் எனப்படும் வளையம். பின்னாளில் டாம்ரான் என்று பெயர்மாறிய ஜப்பானிய நிறுவனம் 1957இல் கொண்டுவந்த இம்முறையின் சிறப்பு, வளையத்தின் முன்விளிம்பிலிருந்து ஒளியுணரி வரையுள்ள தொலைவு எந்தக் கேமராவிலும் 55 மில்லிமீட்டராகவே இருக்கும் என்பதாகும். கேனான் இஎஃப் கேமராவில் வாயிலிருந்து உணரிவரை 44 மில்லிமீட்டர் என்பதால் அதன் வளையம் 11 மில்லிமீட்டர் தடிப்பும், நிக்கான் எஃப் கேமராவில் 46.5 மில்லிமீட்டர் என்பதால் அதன் வளையம் 8.5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டு இக்கணக்கை நிறைவு செய்கின்றன. படத்தின் ஓரங்களைச் சீராக்கும் திருத்தி வில்லைகள் பலவும் இதே 55 மில்லிமீட்டரை நம்பியே வடிவமைக்கப்பட்டிருப்பதால், அங்கே இத்தரப்படுத்தல் பெரும் வசதியாகிறது. மரையைக் கவனிக்காமல் வாங்குவோர் மட்டும் இடறுகின்றனர்: டி-ரிங்கின் மரை 42 மில்லிமீட்டர் விட்டமும் 0.75 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டது. பழைய திருகு லென்ஸ்களுக்கான வளையமும் அதே 42 மில்லிமீட்டர்தான் என்றாலும் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்பதால், முதல் சுற்றில் பிடிப்பதுபோல் தோன்றி, அடுத்த சுற்றில் இறுகி மரையைக் கெடுத்துவிடும்.

தரப்படுத்தலின் இவ்வலிமையே நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் குறையாக மாறுகிறது. கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட இவ்வகைக் கருவிகள் பலவற்றில், குவியமைக்கும் குழாயை முழுவதும் உள்ளே தள்ளிய நிலையிலும் பிம்பம் வெளியே சிறிதளவே நீளுகிறது. உணரியோ வளையத்துக்கு 55 மில்லிமீட்டர் பின்னால் நிற்பதால் நிலவு கடைசிவரை மங்கலாகவே தெரியும். மிர்ரர்லெஸ் கேமராவில் வாய்க்கும் உணரிக்கும் இடையே 20 மில்லிமீட்டர் அளவே உள்ளதால் இச்சிக்கல் எளிதில் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கான வழக்கமான டி-ரிங், 55 மில்லிமீட்டர் கணக்குக்காகவே நீட்டிச் செய்யப்பட்டு, கேமரா தந்த சலுகையைத் திரும்பப் பறித்துக்கொள்கிறது. கேமராவின் பெயரை மட்டும் சொல்லி வாங்கும் வழக்கம் தோற்குமிடம் இதுவே. இங்குத் தேவைப்படுவது நீளம் குறைந்த இணைப்பான். அல்லது பிம்பத்தைப் பின்னோக்கித் தள்ளிப் பெரிதாக்கும் பார்லோ வில்லை.

பார்லோ வில்லையின் பயன் பிம்பத்தின் அளவிலும் தெரியும். நிலவின் பிம்பம் குவியத் தூரத்தில் ஏறத்தாழ 110இல் ஒரு பங்கு என்பதால், மேற்கூறிய 650 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் அது 6 மில்லிமீட்டர் அளவில் விழும். 22க்கு 15 மில்லிமீட்டர் அளவுள்ள உணரியில் அதற்குத் தாராளமாக இடமுண்டு. வியாழனோ பூமியை நெருங்கும் காலத்திலும் ஏறத்தாழ 45 வில்விநாடி அகலமே தோன்றுவது. ஒரு வில்விநாடி என்பது பாகையின் 3,600இல் ஒரு பங்கு. எனவே அதன் பிம்பம் 0.14 மில்லிமீட்டர் மட்டுமே. 4 மைக்ரான் படப்புள்ளிகள் கொண்ட உணரியில் அது 35 புள்ளிகளில் அடங்கிவிடுகிறது. இரு மடங்கு பார்லோ அதை 70 புள்ளிகளாக்கும். ஆனால் பெருக்கம் கூடுமளவு ஒளி மங்கி, தாங்கியின் அதிர்வும் பெரிதாகும் என்பதால், கூடுதல் பெருக்கமே மேலான படம் என்று கொள்வது தவறு.

இனி நெய்வேலியின் வானம். சுரங்கங்களில் இரவு வேலைக்காக ஒளிரும் விளக்குகளும், வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட நகரியத்தின் தெருவிளக்குகளும், காற்றிலுள்ள நுண்துகள்களில் சிதறி வானை வெளுக்கச் செய்கின்றன. பல நிமிடங்கள் ஒளி சேர்க்க வேண்டிய நெபுலாக்களும் விண்மீன் பேரடைகளும் அவ்வெளுப்பில் கரைந்துவிடும். ஒளி மாசைக் குறைக்கும் வடிகட்டிகள் பழைய சோடிய விளக்குகளின் குறுகிய நிறத்தைத் தடுத்த அளவுக்கு, எல்லா நிறங்களிலும் ஒளிரும் எல்இடி விளக்குகளைத் தடுப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் மேகங்களும் குறுக்கிடுகின்றன. எனவே இரண்டு அங்குலக் குழாய், திருத்தி வில்லை, பெரிய உணரி என்று முதன்மைக் குவியத்துக்குச் செய்யும் செலவு, கருவியை இருண்ட இடத்துக்குக் கொண்டுசெல்லும் பழக்கமுள்ளவர்க்கே பலன் தரும். நிலவும் கோள்களும் பிரகாசமானவை. நொடியின் சிறு பங்கில் பதிவாகும் அவற்றை விளக்கொளி அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், நெய்வேலியில் தொடங்குவோர்க்கும் பள்ளி மாணவர்க்கும் மூன்று திசையிலும் நகர்த்தி நேர்செய்யக்கூடிய கைப்பேசி இணைப்பானும், தனிக் கேமரா உள்ளவர்க்கு டி-ரிங் மரையுள்ள இரு மடங்கு பார்லோவுமே தகுந்த தேர்வுகள் எனலாம். எதை வாங்கும் முன்னரும் கண்ணருகு வில்லையைக் கழற்றி, குவியமைக்கும் குழாயை முழுவதும் உள்ளே தள்ளி, நிலவை நோக்கிய தொலைநோக்கியின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். நிலவு கூர்மையாக விழும் இடத்துக்கும் குழாயின் வாய்க்கும் இடையேயுள்ள தொலைவு 55 மில்லிமீட்டரையும் இணைப்பானின் விளிம்புத் தடிப்பையும் தாண்டினால் டி-ரிங் மட்டுமே போதும், குறைந்தால் போதாது. அந்த அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்பவர்க்குப் பயன்படாத வளையத்துக்குப் பணம் கொடுக்க நேராது.