சண்டைக்குச் சர்க்கரை

கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்லான மேக்ரோஃபேஜுக்குக் கோபம் வருவதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். மைக்ராஸ்கோப்கூட வேண்டாம். எலியின் மேக்ரோஃபேஜ் செல்களை ஆறு குழித் தட்டில் வளர்க்கிறோம். ஊற்றுகிற மீடியத்தில், அமிலம் கூடினால் மஞ்சளாகிவிடும் ஃபீனால் ரெட் சாயம் கலந்திருப்பதால் நல்ல சிவப்பாக இருக்கும். மூன்று குழிகளை அப்படியே விட்டுவிட்டு, மற்ற மூன்றில் துளியூண்டு எல்பிஎஸ் விடுவேன். பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. உயிருள்ள கிருமி ஒன்றுகூடக் கிடையாது. 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், காலையில் வந்து கதவைத் திறந்தால், தொடாத குழிகள் சிவப்பாகவே இருக்கும், சீண்டிய குழிகள் ஆரஞ்சைத் தாண்டி மஞ்சளுக்குப் போயிருக்கும். அடடா! தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடாமல் என்னால் இருக்க முடிந்ததே இல்லை. “உனக்கு வேற வேலையே இல்லையாடா?” என்பார் சீனியர் அக்கா. இதைவிட நல்ல வேலை எங்கே அக்கா இருக்கிறது?

அந்த மஞ்சளுக்குக் காரணம் லாக்டிக் அமிலம். ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைத்தும், குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியாவில் முழுதாக எரிக்காமல் பாதியிலேயே லாக்டேட்டாக்கி வெளியே தள்ளுகிறது செல். முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸுக்கு, செல்லின் சக்திக் காசான ஏடிபி ஏறக்குறைய 30. இந்த வழியில் வெறும் 2. ஓட்டோ வார்பர்க் 1920களில் புற்றுநோய்த் திசுவில் கண்டது இதே ஊதாரித்தனத்தைத்தான். ஆனால் கல்யாண வீட்டுச் சமையல்காரர் விறகை எண்ணிக்கொண்டா இருப்பார்? பந்திக்கு நேரத்தில் சாப்பாடு வந்தாக வேண்டும். ஏடிபி சட்டென்று கிடைக்கிறது, புதிதாகப் புரதமும் கொழுப்பும் கட்டக் கச்சாப் பொருளும் கூடவே வருகிறது.

என்னைக் கவிழ்த்துப் போட்டது வேறு. அந்த நேரத்தில் மைட்டோகாண்ட்ரியா என்ன செய்கிறது? பள்ளியில் மனப்பாடம் செய்து வெறுத்தோமே, கிரெப்ஸ் சுழற்சி, அதை மேக்ரோஃபேஜ் நடுவிலேயே உடைக்கிறது! தேங்கி நிற்கும் சக்சினேட், காய்ச்சலைக் கிளப்பும் இன்டர்லூகின்-1 பீட்டாவைப் பெருக்குகிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் லூக் ஓ’நீலின் குழு 2013இல் காட்டியது இது. இன்னொரு கிளையில் இட்டகோனிக் அமிலம் உருவாகிறது. ரெசின் செய்வதற்காக ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையை வைத்துத் தொழிற்சாலைகளில் தயாரிக்கும் அதே சரக்கு! சில பாக்டீரியாக்கள் கொழுப்பைத் தின்று பிழைப்பதற்குத் தேவையான என்சைமை இது முடக்குகிறது. சண்டை முற்றினால் ‘போதும், அடங்கு’ என்று வீக்கத்தைத் தணிப்பதும் இதேதான். ஒரே மூலக்கூறுக்கு இத்தனை சாமர்த்தியமா?

செல்லுக்கே இப்படியென்றால் முழு விலங்குக்கு? சுவிட்சர்லாந்தில் மோரே, ஷ்மிட்-ஹெம்பெல் இருவரும் பம்பிள்பீ வேலைக்காரத் தேனீக்களுக்கு எல்பிஎஸ்ஸும் நுண்ணிய லேடெக்ஸ் மணிகளும் செலுத்தி, சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார்கள். நோயே இல்லை, நோய் வந்ததென்று உடம்பு நம்பியதுதான் மிச்சம். சும்மா பட்டினி கிடந்த தேனீக்களைவிட இவை உயிர் தாங்குவது 50 முதல் 70 சதவீதம் குறைந்தது. 2000இல் வந்த ஆய்வு. தேனைக் குடிக்க விட்டிருந்தால் இந்தச் செலவு கணக்கிலேயே தெரிந்திருக்காது.

எலிகள் இதையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டன. யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஜிடோவின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இது. லிஸ்டீரியா பாக்டீரியா தொற்றிய எலிகளுக்குக் குளுக்கோஸ் ஊட்டினால் செத்தன. குளுக்கோஸ் பயன்படாமல் தடுக்கும் 2-டிஆக்ஸிகுளுக்கோஸ் கொடுத்தால் பிழைத்தன. இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் தொற்றியவற்றில் எல்லாம் தலைகீழ்: ஊட்டினால் பிழைத்தன, தடுத்தால் செத்தன. இத்தனைக்கும் உடலில் கிருமிகளின் அளவு பெரிதாக மாறவில்லை. மாறியது, அந்தப் போரின் சேதத்தை மூளையும் மற்ற உறுப்புகளும் தாங்குகிற திறன்தான். ‘லங்கணம் பரம ஔஷதம்’, பட்டினியே பெரிய மருந்து என்று பாட்டி சொன்னது எந்தக் கிருமிக்கு என்று கேட்டிருக்க வேண்டும்! (எலியில் கண்டது எலிக்கு. வீட்டில் யாரையும் பட்டினி போட்டுவிடாதீர்கள்.) அந்த ஆய்வுக் கட்டுரையை முழுதாகப் படிக்கப் பொறுமையில்லை என்றாலும் பரவாயில்லை, உயிர்பிழைத்த கணக்கின் வரைபடங்களை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். ஒரு படத்தில் மேலே நிற்கிற கோடு அடுத்ததில் சரேலென்று தரைக்கு இறங்கும். எனக்கு அன்றிரவு தூக்கம் போனது.