கேசவானந்த பாரதிக்குப் பிறகு மூன்றே வருடம்

அரசியலமைப்பைக் காப்பது நீதிமன்றம்தான் என்பதற்கு எல்லோரும் காட்டுவது 1973 கேசவானந்த பாரதி தீர்ப்பை. 13 நீதிபதிகள், 7-6. நாடாளுமன்றம் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பில் மட்டும் கை வைக்கக் கூடாது. சரிதான். ஆனா கதையை அதோடு நிறுத்திவிடுகிறோமே, அதுதான் எனக்கு இடிக்கிறது.

1976, நெருக்கடி நிலை. ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு. விசாரணையில்லாமல் உள்ளே போட்டால் ஆட்கொணர்வு மனு போடலாமா? ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கதவைத் திறந்து வைத்திருந்தன. உச்ச நீதிமன்றம் 4-1 என்று கைவிரித்தது. மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். 1973-ல் தராசைச் சாய்த்ததும் அவர் கருத்தே. பலன்? 1977-ல் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி, பெரும்பான்மையோடு நின்ற எம்.எச். பெக்கிடம் போனது. அந்தத் தீர்ப்பு தவறு என்று நீதிமன்றமே சொல்லி அதை நீக்க, 2017 புட்டசாமி வழக்கு வரை 41 வருடம் ஆனது.

எங்கள் தொழிலில் பேக்கப் எடுத்து வைத்தால் மட்டும் போதாது; ரீஸ்டோர் ஆகுதான்னு பார்க்கணும். 1976-ல் ஆகவில்லை. அரசியலமைப்பே உச்சம் என்பது, அந்த நாற்காலியில் யார் இருக்கிறார், அவரை யார் நியமிக்கிறார் என்பதையும் பொறுத்தது. அதைப் பேசாத பாராட்டு பாதிக் கதைதான்.