மாயக்கதைக்கு ஒரு பாயிரம்

தன்னைத் தானே புகழ்தல் புலவனுக்குத் தகாது என்பது நன்னூல் நெறி. ஆயினும் 13ஆம் நூற்றாண்டில் அந்நூலை இயற்றிய பவணந்தியார், அதற்கு நான்கு விலக்குகளும் தந்துள்ளார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிடும்போதும், மாற்றான் பழித்தபோதும் தற்புகழ்ச்சி தகும். கைப்பிரதியோடு பதிப்பகத்துக்கு மடல் விடுக்கும் இன்றைய எழுத்தாளன் முதலிரண்டு விலக்குகளுக்கும் உரியவன் எனலாம்.

அம்மடலில் எதனைக் கூறுவது? ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைச் சிறப்புப் பாயிரம் வேண்டுகிறது. மாயக்கதைக்கு இவற்றுள் தலையாயது கேட்போரே. நாமறிந்த தெருவையும் தோட்டத்தையும் கூறும் நாவலுக்குள் எவரும் எளிதில் நுழைவர். மாய உலகுக்கோ, நம்பி நுழையும் வாசகன் இன்னான் எனத் தெரிந்திருத்தல் வேண்டும்.

சென்னைப் பதிப்பாளர் இதனை அறிந்திருந்தனர். ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’ என்னும் தலைப்பினை நோக்குக. வேதாளத்துக்கும் 32 பதுமைகளுக்கும் முன்னதாக எழுத்தின் அளவே கூறப்படுகிறது. எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கும், பிறர் கேட்க உரக்கப் படிப்போர்க்கும் உரிய நூல் அது என்பதை அத்தலைப்பே உணர்த்திவிடுகிறது.

மேலைநாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. ரௌலிங்கின் முதல் ஹாரி பாட்டர் நூலைப் பதிப்பகங்கள் பல மறுத்தன. புளூம்ஸ்பரி பதிப்பகத் தலைவரின் எட்டு வயது மகள் முதல் அதிகாரத்தைப் படித்துவிட்டு மேலும் கேட்டாள். அந்நூல் 1997இல் கெட்டி அட்டையில் 500 படிகளே அச்சாகி வெளிவந்தது. கேட்போர் யார் என்பதை அச்சிறுமியே காட்டிவிட்டாள்.

நம் நிலை யாது? பினாங்கு ஜார்ஜ் டவுனிலும் பிற மலேசிய நகரங்களிலும் எழுத்தாளரே பெரும்பாலும் அச்சுச் செலவை ஏற்கிறார். வெளியீட்டு விழாவே விற்பனைக் களமாகிறது. பிரமுகர் முதற்படியைப் பெற்று அன்பளிப்பு உறையை நல்குகிறார். அவ்வுதவி இன்றேல் பல நூல்கள் அச்சேறா என்பதை மறுத்தற்கில்லை. எனினும், அம்மேடையில் ஆக்கியோன் பெயர் முழங்குகிறது, கேட்போர் மறக்கப்படுகின்றனர். பறக்கும் குதிரையைப் பற்றிய நாவல் பிரமுகரின் அலமாரியில் உறங்க, அதனை விரும்பிப் படித்திருக்கக்கூடிய பதின்மூன்று வயது மாணவி அதன் பெயரையும் அறியாள்.

சிறப்புப் பாயிரம் அளிப்பதற்கு உரியோராக ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரையே நன்னூல் சுட்டுகிறது. அவருள் மூவர் நம் வகுப்பறைகளிலேயே உளர். ஆதலின், வாழ்த்துரை வேண்டி வரும் எழுத்தாளரிடம் ஆசிரியப் பெருமக்கள் ஓர் அதிகாரத்தைக் கேட்டுப் பெறுக. அதனை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுக. அடுத்த அதிகாரத்தை எத்தனை மாணவர் கேட்கின்றனர் என்பதையே வாழ்த்துரையில் எழுதுக.